பழங்காலச் செடி படிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"நீட் எழுதச் சொன்னால், அழிந்த செடிகளுக்கு உயிர் கொடுக்கப் போகிறேன் என்கிறாள். இதுக்கெல்லாம் வேலை இருக்கா சார்?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் அவள் ஆசைப்படுவது எதற்கு என்பதை முதலில் அவளே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இஸ்ரேலின் பழைய மசாடா கோட்டையில் 1960களில் தோண்டி எடுத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் அங்கேயே, அந்த நாட்டில் முளைத்தது. அந்தக் கொட்டைக்குள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் முளைத்தது. கல்லாகிப்போன மரத்தை யாராலும் முளைக்கவைக்க முடியாது. சைபீரியாவின் உறைமண்ணில் அணில் வளையில் கிடைத்த, சுமார் 32,000 ஆண்டுப் பழைய காயின் திசுவிலிருந்து ஒரு பூச்செடியை வளர்த்ததாக ரஷ்ய விஞ்ஞானிகள் 2012இல் அறிவித்தார்கள். கையாண்ட முறை திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் வைத்து முழுச்செடியாக வளர்ப்பது. நம்மூர் வாழைக்கன்று ஆய்வகங்களில் தினமும் நடப்பதும் அதேதான். அந்தக் கைத்திறன் இருந்தால் ஆராய்ச்சி தள்ளிப்போனாலும் சம்பளத்துக்கு வழி உண்டு.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். செத்ததை எழுப்புவதைவிட, தப்பிப் பிழைத்ததைக் காப்பதில்தான் வேலை அதிகம். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், பனை போலத் தோன்றும் பூக்காத தாவரமான சைகஸின் ஆண் கூம்பு. டைனோசருக்கும் முந்திய வம்சம் அது. இன்று அருகிவருகிறது. எனக்கு மனசு பதறும் விஷயம் இது.

படிப்பு: மாநிலக் கல்லூரியிலோ தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலோ தாவரவியல் பி.எஸ்சி., அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம், மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அறிவியல் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. புதைபடிவம்தான் பிடிக்கும் என்றால் லக்னோவில் அதற்கென்றே பீர்பல் சாஹ்னி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பழைய சுரை விதையோ அவரை விதையோ கிடந்தால், இருபதை எண்ணி ஈரத்துணியில் பரப்பி மூடி வைக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் பிரித்துப் பார்த்து, எது முளைவிட்டது, எது பூஞ்சை பிடித்தது என்று தேதி போட்டு எழுதட்டும். பத்தாம் நாளும் அலுக்காமல் எழுதுகிறாளா என்று பாருங்கள். அந்த நோட்டோடு அவளை என்னிடம் கூட்டி வாருங்கள்.