பழைய ஃபிலிம் கேமராவில் மீட்டர் முள் காட்டுவதை நம்பலாமா?

அப்பாவின் மினோல்டா எஸ்ஆர்டி 101 அலமாரியில் கிடைத்தது, அதில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் ஆடுகிறது, ஆனால் சரியாகத்தான் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரங்கூனில் நானும் அதே கேமராவைத்தான் வைத்திருக்கிறேன். பாதி நம்பலாம்.

முதலில் பேட்டரி. 1966-ல் வந்த கேமரா இது. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு ஏற்றபடி மீட்டரை அமைத்திருக்கிறார்கள். பாதரசம் என்பதால் அதை இப்போது கடையில் விற்பதில்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று இங்கே ஒரு கடையில் என் தலையில் கட்டிவிட்டார்கள். வோல்ட் கூடினால் முள் கூடுதலாக ஏறும். வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று நம்பி நாம் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, சுருக்கிவிடுவோம். காளி கோயில் திருவிழாவில் எடுத்த ரோலைக் கழுவி வாங்கினால், வெளிச்சம் போதாமல் நெகட்டிவ் கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. 36 படமும் போச்சு.

காது மெஷினுக்குப் போடும் 675 ஜிங்க் ஏர் பேட்டரியை வாங்குங்கள். 1.4 வோல்ட், போதும். ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டு, சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டிப் போட்டால் ஆடாமல் உட்காரும். உரித்த பிறகு இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். பேட்டரி செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும், மீட்டர் மட்டும்தான் படுத்துக்கொள்ளும்.

சரி, முள்ளுக்கு வருவோம். வ்யூஃபைண்டரில் ஒரு முள்ளும், நுனியில் வட்டம் வைத்த இன்னொரு முள்ளும் தெரியும். அப்பர்ச்சரைத் திருப்பி வட்டத்துக்குள் முள்ளைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பது மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் சாம்பல் சுவர், கறுப்புக் குடையைக் காட்டினால் சாம்பல் குடை.

இதை எனக்குப் புரியவைத்தது இங்கே ரங்கூனில் தங்கத்தால் மின்னும் புத்தக் கோயிலான ஷ்வேடகோன் பகோடா. உச்சி வெயில், பின்னால் தங்கம் தகதகக்கிறது, முன்னால் தங்கை கன்னத்தில் மரப்பட்டையை அரைத்த தனாக்கா பூசிக்கொண்டு நிற்கிறாள். செருப்பைக் கழற்றியாச்சு, தரைக்கல் காலைச் சுடுகிறது. அவசரமாக முள்ளை வட்டத்துக்குள் தள்ளி எடுத்தேன். தங்கம் பித்தளையாகவும் அவள் முகம் கரியாகவும் வந்தது. அந்தப் படத்தைப் பற்றி இன்றும் பேச விடமாட்டாள்.

இப்போது நான் உள்ளங்கையைத்தான் அளக்கிறேன். புறங்கை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை நம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்புதான். முகத்தில் விழும் அதே வெளிச்சம் கையிலும் விழும்படி நீட்டி, ஃப்ரேம் முழுக்கக் கை தெரியும்படி வைத்து முள்ளைச் சேருங்கள். ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளுப்பு என்பதால், வந்த கணக்கிலிருந்து ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். அப்பர்ச்சர் எஃப் 11 வந்தால் எஃப் 8 (எண் குறைந்தால் துளை பெரிது). அப்புறம் அதைத் தொடாமல் படத்தை எடுங்கள், பின்னால் தங்கத்தைப் பார்த்து முள் எவ்வளவு குதித்தாலும் சரி.

இருட்டில் பொறுமை வேண்டும். இந்த மீட்டருக்குள் இருக்கும் காட்மியம் சல்ஃபைடு செல்லுக்கு வெளிச்சத்தின் ஞாபகம் உடனே போகாது. வெயிலிலிருந்து கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அளந்தால் முள் கொஞ்ச நேரம் பொய் சொல்லும். தேங்காய் உடைத்து முடிக்கும்வரை காத்திருந்து அளங்கள்.

மீட்டர் மொத்தமாகக் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை 200-ல் வைத்து, மேகமில்லாத மதியத்தில், நேர் வெயில் படும் பச்சைப் புல்லை அளந்து பாருங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்கு எஃப் 16 பக்கம் வர வேண்டும். எப்போது பார்த்தாலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால், ஐஎஸ்ஓ எண்ணை அந்த அளவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஒரு ஸ்டாப், மறுநாள் மூன்று என்றால் செல்லே போய்விட்டது. முள்ளை மறந்துவிட்டு ஃபோனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.