முகமூடி மாதிரி முகம்

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மனிதத் தலை செதுக்குகிறேன். நேராகப் பார்த்தால் சரி. பக்கவாட்டில் திருப்பினால் முகமூடி ஒட்டியதுபோல் இருக்கிறது. கண்ணோ மீன்கண். எங்கே தவறு?

பதில்: முகத்தைத் தட்டையாகச் செதுக்கியிருக்கிறீர்கள். பல்வரிசை குதிரை லாட வளைவு. உதடு அதன்மேல் சுற்றி, வாயோரம் பின்னால் போகவேண்டும். தாடைக்கு அடியிலிருந்தும் உச்சியிலிருந்தும் பார்த்தால் குறை உடனே பிடிபடும். N விசையை அழுத்தினால் வரும் பேனலில் வியூ பகுதிக்குப் போய், 50 மி.மீ. ஃபோகல் லெங்த்தை (லென்ஸின் குவியத் தூரம்) 85 ஆக்குங்கள். மூக்கு ஊதித் தெரிவது குறையும்.

கண்ணை இமையிலிருந்து தொடங்கினால் மீன்கண்தான் வரும். முதலில் 24 மி.மீ. விட்டத்தில் தனி உருண்டை வையுங்கள். இமையை அதன்மேல் போர்த்துங்கள், விளிம்புக்கு 2 மி.மீ. தடிமன் கொடுத்து. மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மறைக்கட்டும். மேலிமையின் உச்சி மூக்குப் பக்கம், கீழிமையின் பள்ளம் காதுப் பக்கம். கண்ணின் வெளிமூலை உள்மூலையைவிடப் பின்தள்ளி இருக்கும். இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

தோல் துளைகளுக்கு இப்போதே போகாதீர்கள். ரீமெஷ் (உருவத்தின் கண்ணி வலையைச் சீராக மறுபடி பின்னும் வசதி) அடர்த்தி குறைவாக இருக்கும்போதே கன்ன எலும்பும் தாடையும் அமையவேண்டும். இல்லாவிட்டால் மேடுபள்ளமாகி, ஷிப்ட் விசையை அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்குவதிலேயே பொழுது போகும். ஒரு பக்கம் செதுக்குவதை மறுபக்கமும் செய்யும் எக்ஸ் சிமெட்ரியைக் கடைசியில் அணைத்து, ஒரு புருவத்தை லேசாக இறக்கிவிடுங்கள்.