42 வயது. படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது. டாக்டரிடம் போகணுமா, பொறுத்துப் பார்க்கலாமா?

உங்கள் வீட்டிலும் "வயசாகுது, அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அம்மா கம்பத்திலிருந்து ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவர். காய்ச்சரம் செடியடியில் தரையோடு கிடக்கும், குத்தவைத்துத்தான் பறிக்கணும். முட்டி வீங்கியதும் "சரிவில் உட்கார்ந்தால் தேயாமல் என்ன செய்யும்" என்று ஊரே முடிவுகட்டியது. குமுளியிலிருந்து எண்ணெய் வரும், தேய்ப்போம்.

ஆறு மணி ஜீப்புக்கு அம்மா நாலு மணிக்கே எழுந்துவிடுவார். சமைக்க இல்லை, கைகால் இளகுவதற்கு.

மூட்டுத் தேய்மானம் என்றால் காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அம்மாவுக்கு விடவில்லை. தேனி மெடிக்கல் காலேஜில் டாக்டர் முட்டியை விட்டுவிட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தை இருபுறமும் பிடித்து லேசாக அழுத்தினார். அம்மா "ஆத்தாடி" என்று கையை இழுத்துக்கொண்டார். முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். ரத்தப் பரிசோதனையிலும் அதுவே வந்தது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

எண்ணெயைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், என் மாமியார் இன்றும் தேய்க்கிறார். நான் டாக்டரும் இல்லை.

உங்களுடையது படி இறங்கும்போது மட்டும், வீக்கம் இல்லை என்றால் முட்டிச்சில்லு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து இறக்குங்கள், தொடைத் தசை வலுவாகும். சில வாரத்தில் குறையாவிட்டால் போய்க் காட்டுங்கள். வலியில்லாத 'டக் டக்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

முட்டி சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடணும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும், முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது முட்டிப் பிரச்சினையே இல்லை, ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அவசரம்.

அப்புறம், தேய்மானம் பார்க்க எக்ஸ்ரே எழுதினால் நின்றபடி எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுத்தபடி எடுத்தால் எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது.