கண்ணீர்ப் பை அறுவை சிகிச்சை: நோயை மறைத்துப் புதிய பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாக வலது கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. காலையில் பீளை கட்டிக்கொள்கிறது. கண்ணீர்ப் பையில் நாள்பட்ட அழற்சி இருப்பதாகவும், கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி அமைக்கும் டி.சி.ஆர். அறுவை சிகிச்சைதான் தீர்வு என்றும் மருத்துவர் கூறிவிட்டார். தனியார் மருத்துவமனையில் 55,000 ரூபாய் கேட்கிறார்கள். என் நிறுவனத்தில் 3 லட்சம் ரூபாய்க்குக் குழுக் காப்பீடு உண்டு. ஆனால் இரண்டு மாதங்களில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க இருக்கிறேன். நோயைக் குறிப்பிடாமல் புதிய பாலிசி எடுத்து, சில மாதங்கள் கழித்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளுமாறு முகவர் ஒருவர் சொல்கிறார். வங்கியில் 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: முகவர் சொல்லும் வழி வேண்டாம். நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். பணக் கணக்குப்படி பார்த்தாலும் அது நஷ்டம்தான். மருத்துவமனையில் சேர்ந்ததும் கேஸ் ஷீட்டில், "வலது கண்ணில் 3 ஆண்டுகளாக நீர் வடிதல்" என்று எழுதுவார்கள். கிளெய்மைப் பரிசீலிப்பவரின் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட நோய், ஏற்கெனவே இருந்த நோயாகவே கொள்ளப்படும். அதற்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம், அதிகபட்சம் 36 மாதங்கள் வரை இருக்கலாம். மறைத்தது தெரியவந்தால் இந்தக் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகக்கூடும். நாளை இதய நோய் போன்ற பெரிய செலவு வரும்போது கைகொடுக்க வேண்டிய பாலிசியை 55,000 ரூபாய்க்காகப் பணயம் வைப்பது எந்த வகையில் லாபம்? தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிவிட்டால் பழைய விவரங்களைக் கிளற முடியாது என்ற விதியையும் முகவர்கள் சொல்வதுண்டு. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. மருத்துவம் என் துறை அன்று என்றாலும், செலவைக் கணக்கிட இவ்வளவு தெரிந்தாக வேண்டும். கண்ணிலிருந்து மூக்குக்குச் செல்லும் நாளம் அடைபடுவதால் கண்ணீர்ப் பையில் நீர் தேங்கிக் கிருமி வளர்கிறது; மூக்கையொட்டிய கண்முனையை விரலால் அழுத்தினால் சீழ் வெளிவருவது இதனால்தான். சொட்டு மருந்து தொற்றைத் தணிக்குமே தவிர அடைப்பைத் திறக்காது. திடீரென வீங்கிச் சீழ்க்கட்டியானால் அதற்குத் தனியாகச் சிகிச்சை பெற வேண்டிவரும். பிற்காலத்தில் கண்புரை அறுவை செய்ய நேர்ந்தாலும், பையில் உள்ள தொற்று கண்ணுக்குள் பரவிப் பார்வையையே பறிக்கக்கூடும் என்பதால், முதலில் இதைச் சரிசெய்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் குழுக் காப்பீட்டையே, வேலையில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். குழுக் காப்பீடுகள் பலவற்றில் ஏற்கெனவே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. உங்கள் பாலிசியில் மனைவியின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா, இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா, செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டுமா என்று ஹெச்.ஆர். பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அன்றே வீடு திரும்பிவிட்டால் காப்பீடு கிடைக்காது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்: பெரும்பாலான பாலிசிகளின் டே கேர் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகள்) பட்டியலில் கண்ணீர் நாள அறுவை சிகிச்சைகள் இடம்பெற்றிருப்பதால், 24 மணி நேரம் தங்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குப் பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது 2024 முதல் உள்ள விதி. ஆனாலும் நாள் குறித்து வரும் சிகிச்சை என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது நிம்மதி.

மருத்துவமனையின் 55,000 ரூபாய் மதிப்பீட்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியே தோலைக் கீறிச் செய்வதா, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி மூலம் செய்வதா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். நாளத்தில் வைக்கப்படும் சிலிக்கான் குழாய், மயக்க மருத்துவரின் கட்டணம், ஸ்கேன் ஆகியவை பேக்கேஜுக்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

குழுக் காப்பீடு கைகொடுக்காவிட்டால் வைப்புத்தொகையில் தேவையான அளவை எடுத்துச் செலவிடுங்கள். முன்கூட்டியே எடுப்பதால் வட்டியில் ஒரு சதவிகிதம் குறைந்தாலும், 55,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 550 ரூபாய்தான் இழப்பு; தனிநபர் கடன் வாங்க இது காரணமே அன்று. தொழிலுக்கான முதலைத் தொட மனமில்லையென்றால், 1819இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளை நாடலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை உண்டா என்று அங்குள்ள பிரிவில் விசாரியுங்கள்.

தனி பாலிசி கட்டாயம் வேண்டும், ஆனால் உண்மையைச் சொல்லி எடுங்கள். வேலையை விடுவதற்கு முன்பே, குழுக் காப்பீடு வழங்கும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், குழுவில் கழிந்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேர வழி உண்டு. விண்ணப்பத்தில் இந்த அறுவை சிகிச்சையையும் தேதியோடு எழுதுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. இந்த பிரீமியத்துக்கான வருமான வரிச்சலுகை (80டி) பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே.

தேதி விஷயத்தில் இன்னொன்று. சிலிக்கான் குழாய் வைத்தால், அதைச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் எடுப்பார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளைப் பல பாலிசிகள் 60 நாட்கள் வரைதான் ஏற்கும். அதற்கிடையில் நீங்கள் வேலையிலிருந்து விலகினால் அந்தச் செலவு கிடைக்குமா என்பதையும் ஹெச்.ஆருக்கு எழுதும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அறுவை சிகிச்சையை இந்த மாதத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அதற்கான அவகாசமும் கிடைக்கும்.