பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் வேலூர்ப் பக்கத்தில், போருக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்து யாராவது போலீசிடம் பிடிபட்டிருக்கிறார்களா?

ஆம், இரண்டாம் உலகப்போர் காலத்தில். ஆனால் தடியடி, கல்வீச்சு என்று நினைக்காதீர்கள். 1940 அக்டோபரில் காந்தி தொடங்கியது தனிநபர் சத்தியாகிரகம். கூட்டம் கூடினால் மோதல் வரும் என்றுதான் ஒவ்வொருவராக அனுப்பினார். சத்தியாகிரகி எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பேசப்போகிறார் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிவிடுவார். பிறகு தெருவில் நின்று, ஆங்கிலேயரின் போருக்கு ஆளும் தரக்கூடாது, பணமும் தரக்கூடாது என்பார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைது செய்வார்கள். ஓடவும் மாட்டார், கையை ஓங்கவும் மாட்டார். எனக்கு இந்தத் துணிச்சல் பெரிதாகவே படுகிறது.

காமராஜர் சிக்கியதும் இதில்தான். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் போர்நிதி திரட்டியபோது, கொடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். சத்தியாகிரகிகள் பட்டியலோடு, காந்தியைப் பார்க்க வார்தாவுக்குப் போகும் வழியில், 1940 டிசம்பரில் குண்டூரில் கைதாகி, நம் வேலூர் மத்திய சிறைக்கு வந்தார். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 நவம்பரில் வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

சரி, ஆள் சேர்ப்பு நின்றதா? இல்லை. வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளமும் பென்ஷனும் சாதாரண விஷயமா? வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டை கிராமத்தில் இன்றும் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பாருங்கள்: முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிரை விட்டவர்கள் 14 பேர். அந்தக் கல்லில் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான்.