இரண்டு கணினி, ஒரே எச்சரிக்கை: விண்டோஸ் 11-க்கு மாறுவதா, புதிதாக வாங்குவதா?

கேள்வி: கடையில் ஒரு டெஸ்க்டாப், வீட்டில் ஒரு லேப்டாப். டெஸ்க்டாப் 2019-ல் அசெம்பிள் செய்தது: ஐ3-8100, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. டேலி, ஜிஎஸ்டி தாக்கல், பில் அடிக்க ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். லேப்டாப் 2017-ல் வாங்கியது: ஐ5-7200யு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கல்லூரியில் படிக்கும் மகள் பயன்படுத்துகிறாள். ஆன் செய்தால் வேலைக்கு வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டிலும் விண்டோஸ் 10, ஆபீஸ் 2016. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்றே இரண்டும் சொல்கின்றன. சர்வீஸ் கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். இல்லையென்றால் எப்படியாவது விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் மாற்ற வேண்டாம். உங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியான கணினிதான், இலவசமாகவே மாறிவிடலாம். லேப்டாப்புக்குத் தகுதியில்லை என்பது உண்மை. ஆனால் அது மெதுவாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில ஆயிரம் ரூபாய் செலவில் இன்னும் கொஞ்ச காலம் அதை நன்றாகவே ஓட்டலாம்.

முதலில், பயப்பட வேண்டிய அளவுக்கு மட்டும் பயப்படுவோம். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடவில்லை. நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள். அதற்குப் பிறகு விண்டோஸ் 10-ல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். "ஆன்டிவைரஸ்தான் இருக்கிறதே" என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை புது வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருக்கும் என்பது சரிதான். ஆனால் அது தீய கோப்புகளை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

இதில் ஏமாற்றும் விஷயம், ஆதரவு நின்ற பிறகும் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரிவது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் அதைக் கைவிட்டது 2023-ன் தொடக்கத்தில்தான். அந்த மூன்று வருடமும் பலர் நிம்மதியாக இருந்தார்கள். பாட்டுக் கேட்கும் கணினி என்றால் அந்த நிம்மதி போதும். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் புழங்கும் கடைக் கணினிக்கு அது போதாது.

இனி டெஸ்க்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் 11 கேட்பவற்றில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எல்லாம் உங்களிடம் தாராளமாக இருக்கின்றன. பலர் தடுக்கி விழுவது மூன்று இடங்களில்: பிராசசர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், கணினி ஆன் ஆகும்போதே தீய மென்பொருள் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட் செய்யக்கூடிய, யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வேண்டும். இன்டெல்லில் பட்டியல் ஏறக்குறைய 8-வது தலைமுறையில் தொடங்குகிறது. ஐ3-8100 அந்தத் தலைமுறைதான், பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் ஏன் தகுதியில்லை என்கிறது?

பெரும்பாலும் இரண்டு செட்டிங் காரணமாகத்தான். டிபிஎம் வசதி இந்த பிராசசரோடு சேர்ந்தே வருகிறது; இன்டெல் அதை பிடிடி என்று அழைக்கிறது. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் இது அணைக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. பயாஸுக்குள் (விண்டோஸ் திறப்பதற்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங் திரை) போய் அதை ஆன் செய்தால் போதும். தனியாக எதையும் வாங்க வேண்டாம். இன்னொன்று, அசெம்பிள் செய்து கொடுத்தவர் பழக்கதோஷத்தில் விண்டோஸை யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய லெகசி முறையில் நிறுவியிருப்பார். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்று இருந்தால் நான் சொல்வது சரி. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச செயலியை ஓட்டினால் எது குறைகிறது என்று வரி வரியாகவே காட்டிவிடும். மொட்டையாகத் தகுதியில்லை என்ற செய்தியை வைத்துக்கொண்டு யாரும் கணினி வாங்கப் போகக்கூடாது.

லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐ-க்கு மாற, விண்டோஸ் 10-க்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஃபார்மேட் செய்யாமலே டிஸ்கின் அமைப்பைப் பழைய எம்பிஆர் முறையிலிருந்து யூஇஎஃப்ஐ-க்குத் தேவையான ஜிபிடி முறைக்கு மாற்றிவிடும். முதலில் சோதிக்கும் கட்டளை, அது சரி என்றால் மாற்றும் கட்டளை. அப்புறம்தான் பயாஸில் யூஇஎஃப்ஐ-க்குத் திருப்ப வேண்டும். பயாஸை முதலில் மாற்றினால் விண்டோஸ் திறக்காது. அப்படி ஆனால் பதற வேண்டாம், பழையபடி லெகசிக்கே திருப்பிவிட்டு வரிசையாகச் செய்யுங்கள். கட்டளை அடித்துப் பழக்கமில்லை என்றால் சர்வீஸ் கடைக்காரரிடமே கொடுங்கள். ஆனால் "விண்டோஸ் 11 போட்டுத் தாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "பிடிடி ஆன் செய்து, டிஸ்கை ஜிபிடி-க்கு மாற்றி, ஃபார்மேட் பண்ணாமல் அப்கிரேட் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் விண்டோஸ் 10 முறையாக வாங்கியதாக இருந்தால் அதே உரிமம் விண்டோஸ் 11-க்கும் செல்லும். இந்தச் சாக்கில் திருட்டு ஆக்டிவேட்டர் எதையும் உள்ளே நுழைய விடாதீர்கள்.

எந்தத் தேதியில் செய்வது என்பதும் முக்கியம். விண்டோஸ் 11 பிடிக்கவில்லை அல்லது ஏதோ ஒத்துவரவில்லை என்றால், மாறிய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே பழைய விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதன் பிறகு அந்த வழி மூடிவிடும். நீங்கள் மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதி. ஆகவே 21, 22 வாக்கில் மாறுங்கள். திரும்பிப் போவதற்கான பத்து நாளும் அடுத்த தாக்கலுக்கு முன்பே முடிந்துவிடும். அந்த நாட்களில் டேலியில் ஒரு பில், கையொப்ப டோக்கனில் ஒரு லாகின், பிரின்டரில் ஒரு தாள் என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று டிஸ்க் கிளீனப் மட்டும் ஓட்டாதீர்கள். திரும்பிப் போகத் தேவையான பழைய விண்டோஸ் கோப்புறையை அது அழித்துவிடக்கூடும். டேலி டேட்டாவை முன்கூட்டியே பென்டிரைவில் நகல் எடுப்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

பிரின்டரைப் பற்றி ஒன்று. அது பழைய பேரலல் போர்ட்டில் மாட்டியிருந்தால், இந்த டெஸ்க்டாப்பை விட்டுவிடாமல் இருக்க அதுவே ஒரு காரணம். புதிய கணினிகளில் அந்தப் போர்ட் பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பி-க்கு மாற்றும் கேபிள்கள் கடையில் கிடைக்கும், எல்லா மென்பொருளோடும் ஒத்துழைக்கும் என்று நம்ப முடியாது.

லேப்டாப் கதை வேறு. ஐ5-7200யு 7-வது தலைமுறை. அந்தத் தலைமுறையில் மிகச் சில பிராசசர்களைத் தவிர எதுவும் பட்டியலில் இல்லை. பயாஸில் எதைத் திருப்பினாலும் நடக்காது. ஆனால் உங்கள் மகளின் தினசரித் தொல்லை அது இல்லையே, வேகம்தானே. பிராசசர் அந்த வேலைக்குப் போதுமானது. குற்றவாளி ஹார்ட் டிஸ்க்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் வழக்கமாக நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிசெகண்ட். தேவையான தகவல் ஊசிக்குக் கீழே வருவதற்கே சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி இடம் நகரும் நேரம் தனி. ஒரு பெரிய படத்தை வரிசையாகப் படிக்கும்போது இது தெரியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டி-யில் சுற்றும் பாகமே இல்லை, அதே தகவல் ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் லேப்டாப் திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு அதற்கு வெகு கீழேயும் நின்றால் பிராசசரைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 480 அல்லது 500 ஜிபி, நல்ல பெயருள்ளதாக வாங்கிப் போடுங்கள். விண்டோஸ் 10-ஐப் புதிதாகவே நிறுவச் சொல்லுங்கள். உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ரேம் 8 ஜிபி இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. எஸ்எஸ்டி விலையையும் இரண்டு கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் பேட்டரியையும் பாருங்கள். டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ அது ஆபத்து, உடனே கழற்ற வேண்டும். பேட்டரி, கீல், கீபோர்டு என்று எல்லாமே செலவு கேட்டால் நான் எஸ்எஸ்டி யோசனையைக் கைவிட்டுப் புதியது வாங்கச் சொல்வேன். புதிய லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பழையதன் ரிப்பேருக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பாது.

பாதுகாப்புக்கு என்ன வழி? தனிநபர் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தை வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். 30 டாலர் கட்டலாம், அல்லது 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் கொடுக்கலாம், அல்லது கணினியின் செட்டிங்குகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள். புகைப்படங்களையும் பாடக் கோப்புகளையும் ஒன்டிரைவில் ஏற்ற வேண்டும் என்பதில்லை; அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி, சட்டென்று நிரம்பிவிடும். கடைக் கணினிக்கு இதை நான் சொல்லாததற்குக் காரணம், நிறுவனங்களுக்கான திட்டம் தனி: முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. இலவசமாக மாற முடிகிற டெஸ்க்டாப்புக்கு எதற்கு அந்தத் தண்டம்?

"எப்படியாவது போட்டுத் தருகிறேன்" என்பதைப் பற்றி. தகுதிச் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகள் உண்டு, 7-வது தலைமுறையில் விண்டோஸ் 11 ஓடவும் செய்யும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு பொதுவாகத் தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் அதே குறுக்கு வழியில் கையால் நிறுவ வேண்டும். இதில் ஆர்வமுள்ளவர் தன் கணினியில் செய்துகொள்ளட்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் வேண்டாம்.

2026 அக்டோபர் நெருங்கும்போது என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். மகளுக்கு பிரவுசர், வீடியோ வகுப்பு, அசைன்மென்ட் எழுதுவது மட்டும்தான் என்றால் அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றலாம். 22-வது வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழில் தட்டச்சவும் முடியும். ஆபீஸ் 2016-க்கும் அதே 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலான இலவச லிப்ரே ஆபீஸுக்கு இப்போதே பழகிக்கொண்டால் அப்போது சிரமம் இருக்காது. பாடத்திட்டத்தில் விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால் மட்டும் புதியது.

புதியது வாங்கும்போது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் போர்டோடு ஒட்டப்பட்டது என்றால் 8 ஜிபி மாடலைத் தொடாதீர்கள், பிறகு கூட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கான கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது மாணவிக்கு அவசியமில்லை.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போனால் இன்னும் கவனம் தேவை. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத அலுவலக லேப்டாப்புகள் இப்போது கும்பல் கும்பலாகச் சந்தைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும் "ஐ5, ஐ7" என்று மட்டும் சொல்லி விற்பார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-6300யு என்றால் 6-வது தலைமுறை, ஐ7-7600யு என்றால் 7-வது. இரண்டும் உங்களிடம் இருப்பதன் அண்ணன் தம்பிகள். ஐ5-8250யு 8-வது, ஐ5-1135ஜி7 11-வது. ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசைக்குக் கீழே இறங்க வேண்டாம். திரையில் விண்டோஸ் 11 ஓடுகிறதே என்று காட்டினால் அசர வேண்டாம், மேலே சொன்ன குறுக்கு வழியில் ஏற்றியிருப்பார்கள்.

லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடக் கொடுப்பதற்கு முன், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுங்கள். இல்லையென்றால் புதிய விண்டோஸில் அந்தக் கடிதங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் குடும்பப் படங்களும் கடவுச்சொற்களும் அதில்தான் இருக்கின்றன. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டுவிட்டால் கடையின் டேலி டேட்டாவை வாரம் ஒருமுறை நகல் எடுக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.