வீக்கத்துக்கு முன்னால் எடை சொல்லிவிடும்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்த்தோம். எக்கோ எடுத்துவிட்டு, "பம்பிங் 35 சதவீதம்தான், ஹார்ட் ஃபெயிலியர்" என்றார்கள். இப்போது கால் வீக்கம் வடிந்து தெம்பாக இருக்கிறார். ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று நீர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். "வீக்கம் திரும்பி வந்தால் மறுபடி தினமும் போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 35. அது பரீட்சை மார்க் இல்லை. நல்ல இதயமே நூறு வாங்காது. ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். அம்மாவின் இதயம் பலவீனப்பட்டிருக்கிறது, நின்றுவிடவில்லை. 'ஃபெயிலியர்' என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, அந்த ஒரு சொல்லால் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

சரி, வீக்கத்துக்கு வருவோம். உடம்பில் சில லிட்டர் நீர் சேர்ந்த பிறகுதான் பலருக்குக் கால் வீங்கியது கண்ணில் படும். அதுவரை காத்திருந்தால், அதற்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. எடை மெஷின் அதை அன்றே காட்டிவிடும்.

இதை நான் ஒருவரிடம் பாடமாகக் கற்றேன். டாக்டரான புதிதில், உப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் சக்கர நாற்காலியில் வந்தார், ஐந்து கிலோ கூடியிருந்தது. "பேண்ட் இறுக்கியது டாக்டர், நன்றாகச் சாப்பிடுகிறோம், சதை போடுகிறது என்று நினைத்தேன்" என்றார். தப்பு என்னுடையது. அதற்கப்புறம் மாத்திரைச் சீட்டை எழுதும் முன்பே எடை மெஷினைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மெஷினில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். எண்ணைக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் தொந்தரவும் நியாயமானதுதான். அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் ஃபுரோசமைடு என்றால் அதன் வேகம் சுமார் ஆறு மணி நேரம் இருக்கும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ராத்திரி விழுங்கினால் விடிய விடிய நடக்க வேண்டியதுதான். காலையில் போடலாமா, இரண்டு வேளை என்றால் இரண்டாவதைப் பிற்பகலுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியே ராத்திரியில் வெளியேறும். அதனால் மாத்திரையை விட்டால் இந்தத் தொல்லை கூடவும் செய்யலாம்.

நீர் மாத்திரை தேங்கியதை வெளியேற்றும், அவ்வளவுதான். இதயத்தை மெல்ல மெல்லத் தேற்றுவது கூடக் கொடுக்கும் மற்ற மாத்திரைகள். அவற்றால் உடனே ஒரு மாற்றமும் தெரியாது, அதனாலேயே 'இது எதற்கு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை மாத்திரை என்று எனக்கு வாராவாரம் ஒரு கடிதமாவது வருகிறது. அந்த வகையில் சில மருந்துகள், சர்க்கரை இல்லாவிட்டாலும், இதயத்துக்கு நல்லது செய்கின்றன. எழுதிக் கொடுத்தது தப்பில்லை.

அம்மாவுக்கு மூட்டு வலி உண்டா? டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். அவை உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்து வைக்கும். உப்பு, எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமைத் தாண்டாமல் இருக்கட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து, கேட்காமல் மாறாதீர்கள்.

கடைசியாக, நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அம்மாவிடம் நீங்களே கேளுங்கள்: எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? மூச்சுக்காக ஒன்று இரண்டாகியிருந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அழைத்துப் போங்கள். உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினால், நாளை வரைகூட வேண்டாம்.